நஞ்சப்பன் மாஸ்டரின் நாக்கு

ஆடி 1, வியாழன்

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெனிட்டா என்கிற பெண், "தினமும் என்ன சாப்பிட்டீங்க, ருசி எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க அங்கிள்" என்று சொல்லியிருக்கிறாள். ஊருக்கே பந்தி போட்டவனிடம் சாப்பாட்டைப் பற்றிக் கட்டுரை கேட்கிறாள். சரி, எழுதிவைப்போம். அரிசி மண்டிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி சும்மாதான் கிடக்கிறது. மற்ற வருசங்களில் எந்த மண்டபம், எத்தனை இலை, என்ன இனிப்பு என்று டைரியில் எழுதுவேன். ஆடியில் கல்யாணம் கிடையாது. இந்த வருசம் ஆனியிலும் என் கையாள் மாதேசைத்தான் அனுப்பினேன். எழுதத்தான் சம்மதித்தேன், அவளுக்குப் படிக்கத் தருவதாகச் சொல்லவில்லை.

என் மகள் வயிற்றுப் பேரப்பிள்ளைகள் என்றைக்காவது இதைப் படித்தால் தெரியட்டும்: கோபி வட்டாரத்தில் சமையல் நஞ்சப்பன் மாஸ்டர் என்றால் நான்தான். சித்திரையில் என் பெருங்குடலில் கட்டி இருக்கிறதென்று ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி எடுத்தார்கள். புற்று. மிச்சம் மீதி எங்கேயாவது ஒளிந்திருந்தால் அதையும் தீர்த்துக்கட்ட ஆனியிலிருந்து ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை நரம்பில் மருந்து ஏற்றுகிறார்கள். மார்கழி வரை ஏற்ற வேண்டுமாம்.

இன்று தேங்காய் சுடும் நோம்பி. தேங்காயில் ஓட்டை போட்டு, வெல்லமும் பொட்டுக்கடலையும் எள்ளும் அடைத்து, அழிஞ்சில் குச்சியில் செருகி வாசலில் சுட்டோம். ஓடு வெடித்து வாசம் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. வாயில் போட்டால் வெல்லம் வெல்லமாகவே இல்லை, ஆணியைச் சப்பியது போல இருந்தது. வெல்ல மண்டிக்காரனுக்குப் போன் போட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல நாலு கேள்வி கேட்டேன். என் மனைவி சாந்தாமணி ரெண்டு துண்டு தின்றுவிட்டு விரலையும் சப்பினாள். இத்தனை வருசம் என்னோடு குடித்தனம் நடத்தியும் அவளுக்கு ருசி பிடிபடவில்லை.

ஆடி 3, சனி

மச்சான் அர்த்தநாரி வந்தார். சாந்தாமணியின் அண்ணன், பால் சொசைட்டியில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதிலிருந்து போனில் வருகிற வைத்தியம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. எனக்குப் புற்று என்று தெரிந்த நாள் முதல் மனிதர் பத்து வயசு குறைந்து நடமாடுகிறார். பையைத் திறந்தார். முள்சீத்தா இலை, கோதுமைப்புல், கருஞ்சீரகம், ஒரு பாட்டிலில் கோமியம்.

"இதை வெறும் வயித்துல குடிச்சுப்போடுங்க மாப்ள. செல்லு பூராம் கழுவிக்கும்" என்றார்.

"மாட்டுக்குப் புத்து வந்தா அது யாரோட கோமியத்தைக் குடிக்குமுங்க மச்சான்?"

"நீங்க எல்லாத்துக்கும் எகத்தாளம் பேசுவீங்க."

எல்லாவற்றையும் பயபக்தியோடு வாங்கிக்கொண்டேன். அவர் காபி குடிக்க உள்ளே போனதும் பாட்டிலைக் கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் கவிழ்த்தேன். நாலு மாசமாகச் சொந்தக்காரர்கள் கொண்டுவந்த கசாயம் அத்தனையும் குடித்த மரம் அது. இந்த வருசம் காய்த்துத் தள்ளுகிறது.

என் வீட்டில் எனக்குத் தெரியாமல் எதுவும் என் தொண்டையில் இறங்க முடியாது. பாயசத்தை நாக்கில் வைத்து, கரண்டி அதற்கு முன்னால் எந்தக் குழம்பில் கிடந்தது என்று சொன்னவன் நான். ஒரு சிட்டிகை பெருங்காயம் கூடினால் கண்டுபிடித்துவிடுவேன்.

மச்சான் கிளம்பும்போது அண்ணனும் தங்கையும் சமையலறையில் ஏதோ குசுகுசுத்தார்கள். அவர்கள் வீட்டுச் சமாச்சாரமாக இருக்கும். நான் கண்டுகொள்ளவில்லை.

ஆடி 4, ஞாயிறு

சாந்தாமணி புதிதாகப் பருப்புப் பொடி அரைத்திருக்கிறாள். சுடுசோற்றில் போட்டு நெய் விட்டுப் பிசைந்து தந்தாள். நான் ஒரு வாய் போட்டதும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்பிடீங்க இருக்குது?"

"நல்லாயிருக்குது."

சட்டென்று திரும்பி உள்ளே போய்விட்டாள். அடுப்பில் எதுவும் இல்லை, எதற்கு அந்த அவசரம் என்று புரியவில்லை. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. கேட்டதற்கு வெங்காயம் அரிந்தேன் என்றாள். இன்றைய சமையலில் வெங்காயமே இல்லை.

ஆடி 5, திங்கள்

ரசம் சரியில்லை. பருப்பு வாங்கும் கடையை மாற்ற வேண்டும்.

ஆடி 6, செவ்வாய்

கோயமுத்தூர் போனோம். மருந்து ஏற்றும் நாள். முதலில் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். டாக்டர் மிருதுளாவுக்கு என் மகள் வயசுதான், ஆனால் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தால் எனக்கே முதுகு நிமிர்ந்துவிடும்.

"லிவர் கணக்கு கொஞ்சம் ஏறியிருக்கு. பரவாயில்ல, இன்னைக்கு மருந்து போட்டுரலாம். வேற ஏதாச்சும் சாப்பிடறீங்களா? கசாயம், பொடி, லேகியம்?"

"எனக்குத் தெரியாம ஒரு பொடியும் எந்தொண்டையில எறங்காதுங்க டாக்டரம்மா. நாக்கு புடிச்சுப்போடும்."

அப்புறம் பெனிட்டா வந்தாள். சாந்தாமணி அப்போது கீழே மருந்துக் கடையில் வரிசையில் நின்றிருந்தாள்.

"வாய் இரும்பு மாதிரி இருக்கா அங்கிள்? சாப்பாடு சப்புன்னு இருக்கா? இந்த மருந்து போடற நெறைய பேருக்கு ருசி போயிரும். பயப்பட வேண்டாம், மருந்து முடிஞ்சப்பறம் பெரும்பாலும் திரும்பி வந்துரும். சொன்னீங்கன்னா அதுக்கு வழி இருக்கு. எவர்சில்வர் கரண்டிய விட்டுட்டு மரக் கரண்டியில சாப்பிடலாம். சாப்பிடறதுக்கு முன்னால உப்பும் சோடா உப்பும் கரைச்சு வாய் கொப்பளிக்கலாம்."

"எனக்கு அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்லீங்க கண்ணு" என்றேன்.

பொதுவாக ஒன்று சொல்கிறேன். ஒரு சமையல்காரனுக்கு நாக்குப் போய்விட்டது என்று ஊருக்குள் தெரிந்தால், அப்புறம் அவனை எந்த மண்டபத்தில் அடுப்புப் பற்றவைக்க விடுவார்கள்? பொதுவாகத்தான் சொல்கிறேன். என் நாக்கு நன்றாக இருக்கிறது.

மருந்து ஏறும்போது மூச்சுப் பயிற்சி சொல்லித்தர ஒருவர் வந்தார். குமட்டலுக்கும் படபடப்புக்கும் நல்லதாம், டாக்டரம்மாவே அனுப்பியிருக்கிறார். மூச்சை இழுத்து மெதுவாக விடச் சொன்னார். விட்டேன், அப்படியே தூங்கிப்போனேன். இதுவரை நான் பார்த்த வைத்தியத்தில் இது ஒன்றுதான் குடிக்கச் சொல்லாதது.

ஆடி 8, வியாழன்

பிரிட்ஜைத் திறந்து மோர்ச் சொம்பைத் தொட்டேன், கரண்ட் அடித்தது போல விரல் சுண்டியது. எலெக்ட்ரீசியன் சின்ராசைக் கூப்பிட்டு, ஆளைக் கொல்லப் பார்க்கிறாயா என்று ஒரு பிடி பிடித்தேன். அவன் டெஸ்டரை வைத்துத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுப் பாவமாக நின்றான். அப்போதுதான், மருந்து ஏற்றிய கையோடு சில்லென்ற எதையும் தொடக் கூடாது, சுருக்கென்று குத்தும் என்று நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது. சின்ராசிடம் சொல்லவில்லை. பிளக்கை மாற்றிவிட்டுப் போகச் சொன்னேன்.

ஆடி 11, ஞாயிறு

மாதேஸ் வந்தான். என் வலது கை. நான் படுத்ததிலிருந்து அவன்தான் ஆட்களைக் கட்டி மேய்க்கிறான். ஆவணி முதல் முகூர்த்தத்தில் பெரிய இடத்துக் கல்யாணம், என்னை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்காகச் சாம்பார் வைத்து ருசி பார்க்கக் கொண்டுவந்தான்.

ஒரு கரண்டி வாயில் விட்டு, கண்ணை மூடி, வழக்கம்போல அவனைச் சிறிது நேரம் காக்க வைத்தேன்.

"உப்பு கம்மி."

"கம்மிங்களா மாஸ்டர்?"

"ஏன்டா, எங்கிட்டயே திருப்பிக் கேக்கறியா? ஒரு கைப்பிடி போடு."

போட்டான். மறுபடி பார்த்து, இப்போதுதான் சாம்பார் என்றேன். அவனையும் சாப்பிடச் சொன்னேன். நல்ல பையன், மறுபேச்சில்லாமல் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்து ரெண்டு சொம்புத் தண்ணீர் குடித்தான். வெயில் அதிகம்.

சாந்தாமணி எனக்குச் சாம்பார் ஊற்றவில்லை. பொடியே போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். அவள் இந்தப் பொடியைத் தொடுவதில்லை, கேட்டால் பருப்பு தனக்கு வாயு என்கிறாள்.

ஆடி 15, வியாழன்

உடம்பு அடித்துப் போட்டது போல இருக்கிறது. கடையை மாற்றியும் ரசம் சரியில்லை.

ஆடி 18, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பவானி ஆற்றங்கரையில் கூட்டம் அலைமோதியது. எலுமிச்சைச் சாதம், புளிச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் என்று சாந்தாமணி கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மச்சானும் வந்திருந்தார். நான் ஒவ்வொன்றாக எடுத்து, இதில் கடுகு கருகிவிட்டது, இதில் புளி முந்துகிறது என்று தீர்ப்புச் சொன்னேன். பார்த்தாலே தெரிகிறது, வாயில் வேறு வைக்க வேண்டுமா.

தயிர்ச் சாதத்தின் மேலும் சாந்தாமணி பொடியைத் தூவினாள். ரெண்டு கரண்டி. மச்சான் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தங்கையைப் பார்த்துத் தலையாட்டினார்.

"மொகத்துல தேஜஸ் வந்திருக்குதுங்க மாப்ள" என்றார்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். கண் கொஞ்சம் மஞ்சளாக இருப்பது போலத் தெரிந்தது. ஒருவேளை அதைத்தான் தேஜஸ் என்றாரோ என்னவோ.

ஆடி 20, செவ்வாய்

இன்று மருந்து ஏற்றவில்லை.

ரத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். லிவர் கணக்கு எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறதாம். இந்த நிலைமையில் மருந்து ஏற்றினால் ஈரல் தாங்காது, ரெண்டு வாரம் கழித்து ஆவணி மூன்றாம் தேதி வாருங்கள் என்றார்.

"அப்பவும் எறங்கலைன்னா?"

"இந்த மருந்த நிறுத்தற மாதிரி ஆயிரும். நாம இப்ப ஓட்டற வண்டி இதுதான், பாதி வழியில எறங்கினா நோய் திரும்ப வந்துரக்கூடாதேங்கற பயம் எனக்கு இருக்கு. அதனால நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாட்டு மருந்து ஏதாவது?"

"சத்தியமா இல்லீங்க."

"உங்களுக்குத் தெரியாம வீட்ல யாராவது சாப்பாட்டுல கலந்து?"

நான் சிரித்துவிட்டேன். "எனக்குத் தெரியாமலா? என்ற நாக்கைத் தாண்டியா?"

டாக்டரம்மா சாந்தாமணியைப் பார்த்தார். அவள் முந்தானை நுனியைக் கயிறு போல முறுக்கிக்கொண்டு, பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள்.

வரும் வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். பயமாக இருக்கிறது. வெட்டி எடுத்தபோதுகூட இவ்வளவு பயம் வரவில்லை.

ஆடி 21, புதன்

காலையில் சாந்தாமணி கோயிலுக்குப் போன நேரம் பார்த்துச் சமையலறைக்குள் நுழைந்தேன். சொந்த வீட்டுச் சமையலறையில் நான் திருடன் போல நிற்க வேண்டியிருக்கிறது. பொடி ஜாடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். வறுத்த பருப்பு அரைத்தால் பொன்னிறம் வர வேண்டும். இதில் ஒரு பச்சை ஓடுகிறது.

கலப்பட மசாலாவைக் கண்டுபிடிக்க எங்கள் ஆட்கள் செய்கிற வேலை ஒன்று உண்டு. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி பொடியைத் தூவி, கலக்காமல் விட்டுவிட வேண்டும். பருப்பு அடியில் போய் உட்காரும், இலை தழை மேலே மிதக்கும். தூவிவிட்டுக் காத்திருந்தேன். பருப்பு அடியில் உட்கார்ந்தது. மேலே பச்சையாகப் பாசி போல ஒரு ஆடை படர்ந்தது.

ஆக என் வீட்டில், என் தட்டில், என் பெண்டாட்டி கையால். தண்ணீரை முருங்கைக்கு ஊற்றிவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.

ஆடி 22, வியாழன்

நேற்று முழுக்கக் கேட்க வாய் வரவில்லை. ஏன்டி கலந்தாய் என்று கேட்டால், இத்தனை நாள் தின்றீர்களே தெரியவில்லையா என்று திருப்பிக் கேட்பாள். அதற்கு என்ன பதில் சொல்வது?

சரி, இந்த டைரியிலாவது எழுதிவிடுகிறேன். ஆனியில் ரெண்டாவது மருந்து ஏறியதிலிருந்து என் நாக்கில் எதுவும் நிற்கவில்லை. உப்பு, புளி, இனிப்பு எல்லாம் ஒரே தகரம். மணமும் இல்லை. வெல்ல மண்டிக்காரன் பாவம், பருப்புக் கடைக்காரனும் பாவம். நாக்கு இல்லாத நஞ்சப்பன் யார் என்று எனக்கே தெரியவில்லை, அதனால்தான் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு நாளாகப் பொடிச் சோற்றைச் சாப்பிடுவது போலப் பாவனை செய்து, அவள் திரும்பியதும் துண்டில் மூட்டை கட்டி முருங்கை மரத்துக்குப் போட்டுவிடுகிறேன். அந்த மரத்துக்கு ஈரல் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

நேராகக் கேட்க முடியாவிட்டால் என்ன, நான் சமையல்காரன். கேட்க வேண்டியதைப் பரிமாறிக் கேட்கிறேன். சனிக்கிழமை மச்சானைச் சாப்பிட அழைத்திருக்கிறேன்.

ஆடி 24, சனி

மச்சான் வெள்ளை வேட்டியில் வந்தார். தலைவாழை இலை போட்டு உட்கார வைத்தேன். சாந்தாமணி கரண்டியை எடுத்தாள்.

"நீ உக்காரு புள்ள. இன்னிக்கு நாந்தான் பரிமாறுவேன்."

சுடுசோறு வைத்தேன், நடுவில் குழி பறித்தேன், பொடி ஜாடியைத் திறந்து தாராளமாக மூன்று கரண்டி போட்டேன். மேலே உருக்கின நெய். சாந்தாமணிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"உங்க தங்கச்சி கைப்பக்குவமுங்க மச்சான். நாந்தான் தெனமும் திங்கறேன். நீங்களும் ஒரு வாய் பாருங்க."

மனிதருக்கு விசயம் தெரியாது. தங்கையிடம் ஏதோ ஒரு நாட்டு மருந்துச் சூரணத்தைக் கொடுத்து எதிலாவது கலந்துகொடு என்று சொன்னதோடு அவர் வேலை முடிந்தது, எதில் என்று கேட்கவில்லை போலிருக்கிறது. நன்றாகப் பிசைந்து பெரிய உருண்டையாக வாயில் போட்டார். போட்டதும் கண் ரெண்டும் வெளியே வந்து உள்ளே போயிற்று. தங்கை வீட்டில் உட்கார்ந்து துப்ப முடியுமா? விழுங்கினார்.

"எப்பிடீங்க இருக்குது?"

"நல்லா... நல்லாத்தான் இருக்குதுங்க மாப்ள."

"அப்ப இன்னொரு கரண்டி போட்டுக்குங்க."

"போதுமுங்க, அண்ணனுக்கு வேண்டாமுங்க" என்று சாந்தாமணி என் கையைப் பிடித்தாள்.

"ஏன் வேண்டாம்? உங்கண்ணனுக்கு மட்டும் ஒடம்பு சுத்தமாகக் கூடாதா?"

மச்சான் இலையையே பார்த்தார். சாந்தாமணி கையை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். குட்டு உடைந்தது, ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அப்புறம் அவள் பேச ஆரம்பித்தாள்.

"அண்ணன் குடுத்த சூரணந்தானுங்க. மொத நாள் ஒரு சிட்டிகைதான் போட்டேன். வேப்பங்கொழுந்தாட்டக் கசப்பு. நீங்க தட்டைத் தூக்கி வீசுவீங்க, நாலு வசவு வெய்வீங்க, அத்தோட உட்டுப்போடலாம்னுதான் இருந்தேன். நீங்க நல்லாயிருக்குதுன்னீங்க."

ஜாடியைக் கீழே வைத்தேன்.

"ஒரு கல்லு உப்பு ஏறினா மண்டபத்தையே ரெண்டாக்கற மனுசன். அந்தக் கசப்பைத் தின்னுபோட்டு நல்லாயிருக்குதுங்கறீங்க. நாக்கே செத்துப்போச்சுன்னா உள்ளுக்குள்ள இன்னும் என்னென்ன செத்துக்கெடக்குதோன்னு பயந்துட்டேனுங்க. அந்த ஆசுபத்திரி மருந்து உங்களைக் கொஞ்சங் கொஞ்சமாத் திங்குதுன்னு நெனைச்சேன். அதனாலதான் ஒரு சிட்டிகை ரெண்டு கரண்டி ஆச்சு."

"நாக்குச் சாகலடி. அந்த மருந்து போடற நெறையப் பேருக்கு அப்பிடி ஆகுமாம். முடிஞ்சா பெரும்பாலும் திரும்பி வந்துருமாம். அந்தப் பெனிட்டாப் புள்ள சொல்லுச்சு."

"எப்பச் சொல்லுச்சு?"

"போன தடவை மருந்து ஏத்தினப்ப. நீ மருந்துக் கடையில நின்னப்ப."

"அதை ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?"

முப்பது வருசமாக எந்தச் சம்பந்தி வந்து எந்தக் குறை சொன்னாலும் பதில் வைத்திருந்தவன் நான். இதற்கு ஜாடி மூடியைத் தேடிக்கொண்டு நின்றேன். அவள் அழுதாள், எனக்கும் வந்துவிட்டது. கரண்டியும் கையுமாக நின்றுகொண்டு அழுதேன். அன்றைக்கே அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஜாடி அதோடு முருங்கை மரத்தடிக்குப் போயிருக்கும். என் ஈரலைக் கெடுத்ததில் பாதி அந்தச் சூரணம், பாதி என் வாய்.

மச்சான் தண்ணீர்ச் சொம்பைக் காலி செய்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க மாப்ள, இதைத் தின்னதுல எனக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே?"

"செல்லு பூராம் கழுவிக்குமுங்க மச்சான்" என்றேன். சாந்தாமணி அழுதுகொண்டே சிரித்தாள்.

ஆடி 26, திங்கள்

தேதி வரும்வரை காத்திருக்கவில்லை. ஜாடியையும் சூரண டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு ரெண்டு பேரும் கோயமுத்தூர் போனோம். டாக்டரம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று எங்கும் எழுதவில்லை, முருகன் படம் மட்டும் இருந்தது. திட்டு விழும் என்று சாந்தாமணி என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள்.

"நல்லது நெனச்சுத்தான் குடுத்தீங்கம்மா, புரியுது" என்றார் டாக்டரம்மா. "இஞ்சித் தண்ணி குடுங்க, மூச்சுப் பயிற்சி பண்ணட்டும், பாட்டுக் கேக்கட்டும், எதுக்கும் நான் வேண்டாம்னு சொல்லல. சித்த வைத்தியம் பாக்கணும்னா அதுக்குன்னு படிச்ச டாக்டர் இருக்காங்க, சேர்ந்தே பேசலாம். என்ன இருக்குன்னு தெரியாததை மட்டும் எங்கிட்டச் சொல்லாமக் குடுக்காதீங்க."

கணக்கு இறங்குமா என்று கேட்டேன். பொடிதான் காரணம் என்றால் இறங்கும், நாங்கள் ஏற்றுகிற மருந்தே காரணம் என்றால் இறங்காது, அடுத்த வாரம்தான் தெரியும் என்றார். அந்தம்மா பூசி மெழுகுவதே இல்லை.

பெனிட்டாவிடம், கண்ணு, எனக்கு வாய் முழுக்கத் தகரம் என்று சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. மேசை டிராயரிலிருந்து ஒரு மரக் கரண்டியை எடுத்து நீட்டினாள். முதல் நாளிலிருந்தே எனக்காக எடுத்துவைத்திருந்தாளாம்.

ஆடி 28, புதன்

மரக் கரண்டியில் சாப்பிட்டேன். ஆணி சப்பியது போல இல்லை, கட்டை சப்பியது போல இருக்கிறது. முன்னேற்றம்தான்.

ஆடி 29, வியாழன்

மாதேசைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நாக்கு விசயத்தைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அவன் தலையைச் சொறிந்தான்.

"தெரியுமுங் மாஸ்டர்."

"என்னடா தெரியும்?"

"அன்னிக்குச் சாம்பாரு உப்புக் கடலுங். ஆனி மாசம் நீங்க பாத்துச் சொன்ன ரவா கேசரியுந்தானுங். நீங்க சொன்ன மாதிரி ஒரு சட்டியில பண்ணி உங்களுக்குக் காட்டிப்போட்டு, பந்திக்கு வேற பண்ணிக்கிட்டமுங்."

ஆக, வீட்டில் பெண்டாட்டிக்குத் தெரியும், வேலையில் இவனுக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் பெனிட்டாவுக்குத் தெரியும். அது தெரியாமல் ரகசியம் காத்தவன் நான் ஒருவன்தான். ஒரு மாசமாக ஊரே சேர்ந்து எனக்குப் பரிமாறியிருக்கிறது.

ஆவணிக் கல்யாணத்துக்கு யார் ருசி பார்ப்பது என்று கேட்டேன். அம்மா பாக்கட்டுமுங் என்றான். சாந்தாமணியைக் கேட்டால், "உங்க அடுப்படிக்குள்ள என்னை விடுவீங்களா?" என்கிறாள். நான் சொல்கிற பக்குவத்தை அவன் செய்வான், அவள் வாயில் வைத்துப் பார்த்து எனக்குச் சொல்ல வேண்டும் என்று முடிவானது. அன்று தேங்காய் தின்று விரலைச் சப்பினாளே, அவளுக்கு ருசி நன்றாகவே தெரியும்.

ஆவணி 1, ஞாயிறு

நாளை மறுநாள் போக வேண்டும். கண்ணில் மஞ்சள் குறைந்த மாதிரி தெரிகிறது, ஆசையில் அப்படித் தெரிகிறதா என்று சொல்ல முடியவில்லை. சாந்தாமணியிடம் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். எனக்குந்தானுங்க என்றாள். ரெண்டு பேரும் உட்கார்ந்து முருங்கைக்காய் பறித்துக் கட்டினோம். மச்சானுக்கு ஒரு கட்டு கொடுத்தனுப்பினேன். கோமியம் குடித்து வளர்ந்த காய் என்று சொல்லவில்லை.

ஆவணி 3, செவ்வாய்

கணக்கு இறங்கிவிட்டது.

முழுக்க இல்லை, ஆனால் போதும் என்றார் டாக்டரம்மா. கொஞ்சம் அளவைக் குறைத்து இன்றே ஏற்றிவிடலாம் என்றார். சாந்தாமணி அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வண்டி நிற்கவில்லை. ஊசி ஏறும்போது எனக்கு வந்த சந்தோசத்தை நர்ஸ் விசித்திரமாகப் பார்த்தாள்.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. சாந்தாமணி பையிலிருந்து பிளாஸ்கை எடுத்து மூடியில் ஊற்றி, இஞ்சித் தண்ணீர் என்று நீட்டினாள். வாங்கி ஒரு வாய் குடித்தேன். அன்று பொடிச் சோற்றின்போது நின்றது போலவே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்பிடீங்க இருக்குது?"

நல்லாயிருக்குது, காரம் கொஞ்சம் தூக்கல் என்று சொல்ல வாய் தானாகவே திறந்தது. மூடிக்கொண்டேன்.

"ஒண்ணும் தெரியல சாந்தாமணி. வெறும் சுடுதண்ணியாட்ட இருக்குது."

அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

"வெறும் சுடுதண்ணிதானுங்க" என்றாள். "என்ன சொல்றீங்கன்னு பாத்தேன். இஞ்சி போட்டது இதுல இருக்குது."

பைக்குள்ளிருந்து இன்னொரு சின்ன பிளாஸ்கை எடுத்து ஊற்றினாள். அதையும் வாங்கிக் குடித்தேன். அதுவும் வெறும் சுடுதண்ணீராகத்தான் இருந்தது. அதையும் சொன்னேன்.